முத்திரைக்கு விடுமுறை கிடையாது

லிஃப்ட் அக்காவுக்குத் தனிமுத்திரை இல்லை என்பது அவள் வேலைக்குச் சேர்ந்து பதினெட்டு வருடங்கள் கழித்துத்தான் கண்டுபிடிக்கப்பட்டது. அதுவரை அந்தக் குறை யார் கண்ணிலும் படவில்லை. ஏழு மாடி ஆஸ்பத்திரி, ஆறு லிஃப்ட். ஆறையும் ஓட வைப்பது அவள் வேலை. ஓடும்போது அவளை யாரும் நினைப்பதில்லை. நின்றுவிட்டால் எல்லோரும் நினைப்பார்கள், அவள் பிறந்த நேரத்தையும் சேர்த்து.

அதிகம் பேசமாட்டாள். 'ஏறலாமா?' என்று கேட்டால் 'ஏறுங்க' என்பாள், இல்லாவிட்டால் 'படியில போங்க' என்பாள். சிரித்துப் பார்த்தவர்கள் குறைவு. "அக்கா சிரிச்சா லிஃப்ட்டு கூரையைப் பொத்துக்கிட்டு மேல போயிடும்" என்பார் ஸ்ட்ரெச்சர் தள்ளும் அண்ணன். ஆனாலும் ஆபரேஷனுக்கு ஆளைக் கொண்டுபோகும்போது அவள் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் அவரும் பொத்தானை அழுத்துவார்.

அப்போதுதான் புது இயக்குநர் வந்தார். கூடவே ஓர் அடையாள அதிகாரியும் வந்தார். முப்பது வயதிருக்கும், சட்டையில் ஒரு சுருக்கம் கிடையாது. அவருக்காக மூன்றாவது மாடியில் புண்ணுக்குக் கட்டுப்போடும் அறை காலிசெய்யப்பட்டது. கட்டுப்போடுவது நடைபாதைக்கு மாறியது. அங்கே காற்றோட்டம் நன்றாக இருப்பதாகச் சுற்றறிக்கை தெரிவித்தது.

அடுத்த சுற்றறிக்கை எல்லோருக்கும் பொது. 'ஒவ்வொரு ஊழியரும் தமக்கென ஒரு தனிமுத்திரையை மூன்று சொற்களில் பதிவுசெய்ய வேண்டும். பதிந்தபின் எந்நேரமும் எவ்விடத்திலும் அம்முத்திரைக்கு ஏற்ப, மாறாமலும் உண்மையாகவும் நடந்துகொள்ள வேண்டும். உண்மையாக நடந்துகொள்ளாதவர்கள் மீது நடவடிக்கை எடுக்கப்படும்.'

லிஃப்ட் அக்கா படிவத்தில் 'லிஃப்ட், கிரீஸ், வீடு' என்று எழுதிக் கொடுத்தாள். மறுநாளே கூப்பிட்டு அனுப்பினார்கள்.

"உட்காருங்க மேடம்" என்றார் அடையாள அதிகாரி. "உங்க பிராண்ட் என்னன்னு நினைக்கிறீங்க?"

"கிரீஸா சார்? ஸ்டோர்ல எது குடுக்குறாங்களோ அதான்."

"கிரீஸ் இல்ல மேடம். உங்க பிராண்ட். பர்சனல் பிராண்ட்."

"எனக்குத் தெரிஞ்சு பூனைதான் சார் பிராண்டும்."

அதிகாரி தன் ஏட்டில் ஏதோ குறித்துக்கொண்டார். பிறகு மிகுந்த பொறுமையோடு விளக்கினார். "ஒரு மனுஷன் இல்லாத இடத்துல அவனைப் பத்தி நாலு பேர் என்ன பேசுறாங்களோ, அதான் பிராண்ட். உங்களைப் பத்தி என்ன பேசுவாங்க?"

"சிடுமூஞ்சின்னு."

"அதை அப்படியே விடக்கூடாது. அதுக்குத்தான் நான் இருக்கேன்." அவர் ஏற்கெனவே அச்சடித்து வைத்திருந்த தாளை நகர்த்தினார். "உங்களுக்கு 'புன்னகை, நம்பிக்கை, உயர்வு'ன்னு ஒதுக்கியிருக்கோம். லிஃப்ட்டு மேல போறதால உயர்வு. பொருத்தமா வந்திருக்கு."

"லிஃப்ட்டு கீழேயும் வரும் சார்."

"கீழ வர்றதை நாம எடுத்துச் சொல்லவேண்டியதில்ல."

"சார், நான் அவ்வளவா சிரிக்கமாட்டேன். அது என் சுபாவம்."

"சுபாவத்தை யாரும் மாத்தச் சொல்லல மேடம். நீங்க நீங்களாவே இருங்க. எப்படி நீங்களா இருக்கணும்னு நாங்க சொல்லித் தர்றோம்."

இயல்பாக இருக்கும் பயிற்சி மூன்று நாள் நடந்தது. முதல் நாள் இயல்பாக நிற்பது. இரண்டாம் நாள் இயல்பாகச் சிரிப்பது. மேல்வரிசையில் எட்டுப் பல் தெரிய வேண்டும். சமையற்கூடத்தில் வேலைசெய்யும் பெரியவருக்கு மேல்வரிசையில் மொத்தமே ஐந்துதான் இருந்தது. அவருக்குத் தனி விலக்கு ஆணை வாங்க இரண்டு வாரம் ஆயிற்று. மூன்றாம் நாள் தேர்வு. முடிவில் எல்லோருக்கும் இயல்புச் சான்றிதழ் தந்தார்கள். ஒரு வருடம் செல்லும். காலாவதியான பிறகு இயல்பாக இருப்பது விதிமீறல் என்று அடியில் சிறிய எழுத்தில் இருந்தது.

சில வாரங்களில் ஆஸ்பத்திரியின் முகமே மாறிவிட்டது. ஸ்ட்ரெச்சர் அண்ணனுக்கு 'வேகம்' என்று விழுந்திருந்தது. ஆள் இல்லாத ஸ்ட்ரெச்சரையும் ஓட்டமாகத் தள்ளினார். ஸ்ட்ரெச்சரே இல்லாதபோதும் ஓடினார். "கக்கூசுக்கு ஓடுறதுக்கு மட்டும் பயிற்சி தேவைப்படலக்கா" என்றார் மூச்சு வாங்கியபடி.

இதய வார்டு டாக்டர் பதிவு நாளன்று வாய்தவறி ஒரு ஜோக் சொல்லிவிட்டார். அவருக்கு 'நகைச்சுவை' என்று பதிந்துவிட்டார்கள். அன்றிலிருந்து அவர் பாடு திண்டாட்டம். நோயாளி பிழைக்கமாட்டார் என்று உறவினர்களிடம் சொல்ல வேண்டிய நாட்களில், முன்கூட்டியே படிவம் கொடுத்து அரைமணி நேரம் சோகமாக இருக்க அனுமதி வாங்க வேண்டும். ஒருநாள் அனுமதி வந்து சேர்ந்தபோது நோயாளி எழுந்து உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார். வந்த அனுமதியைப் பயன்படுத்தாமல் விட்டதற்கு டாக்டரிடம் விளக்கம் கேட்கப்பட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அடையாள அதிகாரி லிஃப்ட் அக்காவின் வீட்டுக்கே வந்துவிட்டார். வேலையிடத்தில் ஒரு மாதிரி, வீட்டில் ஒரு மாதிரி இருந்தால் அது உண்மையான முத்திரை ஆகாதாம். அக்காவின் கணவர் தையற்காரர். முன்னறையில் மிஷினில் உட்கார்ந்து ஒரு பள்ளிச் சீருடைக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தார்.

"உங்க மனைவி வீட்டுல எப்படி சார்? புன்னகையோட இருப்பாங்களா?"

தையற்காரர் வாயில் கடித்திருந்த ஊசியை எடுத்துவிட்டுச் சொன்னார். "என் மேல கோவம் வந்தா திட்டுவா. கோவம் போனா சோறு போடுவா."

"திட்டும்போது புன்னகை இருக்குமா?"

"அப்படி ஒருநாள் திட்டினா நான் வீட்டை விட்டே ஓடியிருப்பேன் சார். பயமா இருக்காதா?"

அதிகாரி அடுப்படியை எட்டிப் பார்த்தார். அக்கா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள், திரும்பவில்லை. "இல்லச் சூழலில் முத்திரை நாற்பது விழுக்காடு தேய்ந்துள்ளது" என்று எழுதிக்கொண்டு போனார்.

அவர் போனதும் தையற்காரர், "ஏம்மா, அந்த ஆளு திருப்திக்காக நாலு பல்லைக் காட்டிட்டா என்ன?" என்றார்.

"எட்டுப் பல்லு" என்றாள் அவள். "நாளைக்கு வேற ஒண்ணு கேப்பாங்க. எங்க போய் நிக்கும்?"

அது நின்ற இடம் சாவு வீடு. சலவைக்கூடத்தில் வேலைசெய்த அம்மாவின் கணவர் இறந்துபோனார். லிஃப்ட் அக்கா போய் அந்த அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். வந்த கூட்டத்தில் யாரோ படம் எடுத்திருந்தார்கள். நான்காம் நாள் குறிப்பாணை வந்தது. 'மேற்படி ஊழியர் பொது இடத்தில் பதிவு செய்யப்பட்ட முத்திரைக்கு மாறாகக் கண்ணீருடன் காணப்பட்டார். மூன்று நாட்களுக்குள் விளக்கம் தருக.'

'செத்த வீட்டில் சிரித்தால் அடிப்பார்கள்' என்று ஒரே வரியில் விளக்கம் தந்தாள்.

'விளக்கம் ஏற்கத்தக்கதல்ல. முத்திரைக்கு விடுமுறை கிடையாது' என்று பதில் வந்தது. அவள் அதை நான்காக மடித்து, ஆடிக்கொண்டிருந்த கருவிப்பெட்டியின் ஒரு காலடியில் செருகினாள். பெட்டி ஆட்டம் நின்றது. அன்றிலிருந்து சிரிப்பதையும் நிறுத்திக்கொண்டாள், வரவேண்டிய சிரிப்பைக்கூட.

இதற்கிடையில் மூன்றாம் நம்பர் லிஃப்ட் தொல்லை கொடுக்க ஆரம்பித்திருந்தது. முன்வாசலுக்கு நேரே இருக்கும் பெரிய லிஃப்ட் அது. தளத்துக்கு நேராக நிற்காமல் ஒரு விரற்கடை கீழே போய் நின்றது. பிறகு நாலு விரற்கடை. அக்கா மேலே மோட்டார் அறைக்குப் போய்ப் பார்த்தாள். பிரேக்கின் உள்பட்டை தேய்ந்து தகடாகியிருந்தது. புதுப்பட்டை கேட்டு எழுதிப்போட்டாள். நான்கு மாதத்தில் ஐந்து முறை எழுதினாள். ஐந்தாவது முறை பதில் வந்தது. 'தங்கள் கடிதங்களில் தேய்மானம், ஆபத்து முதலிய சொற்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. தங்கள் முத்திரையின் தொனியில் திருத்தி எழுதி அனுப்பவும்.'

லிஃப்ட் ஒரு சாண் சறுக்கிய அன்று அவள் அதை நிறுத்திவிட்டு 'ஓடாது' என்று பலகை மாட்டினாள். ஒருமணி நேரத்தில் பலகையைக் கழற்றிப் புதுப்பலகை வைத்துவிட்டார்கள். 'இந்த லிஃப்ட் புதிய உயரங்களுக்குத் தயாராகிறது.' ஜனங்கள் படித்துவிட்டு, தயாராகட்டும் என்று வரிசையில் நின்றார்கள். மதியத்துக்குள் வரிசை வாசலைத் தாண்டிவிட்டது. அக்கா கறுப்பு மையை எடுத்து வந்து, பலகை முழுக்க விழும்படி எழுதினாள்: 'ஓடாது. படியில போங்க.'

இயக்குநர் கூப்பிட்டார். திட்டுவார் என்று நினைத்துப் போனாள். அவர் எழுந்து நின்று கைகுலுக்கினார்.

"வாங்கம்மா, வாங்க! நோயாளிங்க அறுநூறு பேர்கிட்ட கேட்டிருக்கோம், இந்த ஆஸ்பத்திரியில யார் சொன்னா நம்புவீங்கன்னு. நானூத்திப் பதினோரு பேர் உங்களைச் சொல்லியிருக்காங்க. டாக்டருங்களே பின்னாலதான் வர்றாங்க."

"உங்களை எத்தனை பேரு சார் சொன்னாங்க?" உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

இயக்குநர் அடையாள அதிகாரியைப் பார்த்தார். அதிகாரி தரையைப் பார்த்தார்.

"அது முக்கியமில்ல. வர்ற வியாழக்கிழமை விருதுக்குழு வருது. 'நம்பிக்கைக்குரிய நிறுவனம்'னு விருது. ஏழாவது மாடி அரங்கத்துல விழா. நீங்க மூணாம் நம்பர் லிஃப்ட் வாசல்ல நின்னு, சிரிச்சு, 'ஏறுங்க'ன்னு சொல்றீங்க. நாங்க ஏறுறோம். படம் எடுக்குறாங்க. அவ்வளவுதான்."

"அதுல பிரேக் தேஞ்சிருக்கு சார்."

"ஒரே ஒரு தடவை."

"விழறதுக்கும் ஒரு தடவை போதும் சார்."

இயக்குநர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு உருக்கமாகப் பேச ஆரம்பித்தார். "அம்மா, நம்பிக்கைங்கறது பெரிய சொத்து. நீங்க பதினெட்டு வருஷமா சேத்து வெச்சிருக்கீங்க. அதை ஒரு நல்ல காரியத்துக்கு எடுத்துச் செலவு பண்ணலேன்னா என்ன பிரயோஜனம்? உங்களை நம்புறாங்கங்கறதுக்காகத்தானே உங்களைச் சொல்லச் சொல்றேன்? நானே சொன்னா யார் நம்புவா?"

பேசிமுடித்த பிறகுதான் தான் சொன்னது அவர் காதிலேயே விழுந்தது போலிருக்கிறது. தண்ணீர் குடித்தார்.

"பின்பக்கம் நாலாம் நம்பர் நல்லா ஓடுது சார். அதுல போங்க."

அங்கேதான் ஒரு சிக்கல் இருந்தது. இயக்குநரின் தனிமுத்திரை 'முன்னே, மேலே, எப்போதும்'. அவர் படம் போட்டு வாசலில் ஆளுயரத்துக்கு வைத்திருந்தார்கள். பின்பக்கமாகப் போவது முதல் சொல்லுக்கே முரண் என்று அடையாள அதிகாரி தாழ்ந்த குரலில் நினைவுபடுத்தினார்.

"வியாழக்கிழமை லிஃப்ட் ஓடணும். இது உத்தரவு" என்றார் இயக்குநர்.

வியாழக்கிழமை காலையில் முன்வாசலில் விரிப்பு விரித்திருந்தது. மூன்றாம் நம்பர் லிஃப்ட்டின் கதவில் லிஃப்ட் அக்காவின் படத்தை ஒட்டியிருந்தார்கள். படத்தில் அவள் சிரித்தாள். எட்டுப் பல்லையும் வேறு யாரிடமிருந்தோ எடுத்து வைத்திருந்தார்கள். கீழே, 'நான் இருக்கிறேன், ஏறுங்கள்!'

அவள் அதைச் சற்று நேரம் பார்த்தாள். தன் முகத்தை வைத்துத் தன்னையே பொய் சொல்ல வைத்திருக்கிறார்கள். ஏழு மாடியும் ஏறி மோட்டார் அறைக்குப் போனாள். மூன்றாம் நம்பரின் மெயின் ஸ்விட்சை இறக்கினாள். ஃபியூஸ் மூன்றையும் பிடுங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். அறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகினாள். இறங்கி வந்து, படத்தை மறைத்தபடி கதவின் குறுக்கே நின்றாள்.

விருதுக்குழு வந்தது. முன்னால் குழுவின் தலைவி, கனத்த உடம்புக்காரர், கையில் ஊன்றுகோல். பின்னால் இரண்டு உறுப்பினர்கள். இயக்குநர் கைகாட்டினார். படக்காரர் முழங்காலிட்டார்.

தலைவி அக்காவைப் பார்த்தார். "ஏறலாமாம்மா?"

"படியில போங்க" என்றாள் லிஃப்ட் அக்கா.

அடையாள அதிகாரி அவள் காதருகே வந்து, "மேடம், என்ன பண்றீங்க? சிரிங்க, சிரிங்க" என்றார்.

"பிரேக் தேஞ்சு போச்சும்மா" என்று அவள் தலைவியிடம் உரக்கவே சொன்னாள். "நாலு மாசமா எழுதிப் போட்டிருக்கேன், பட்டை வரல. கதவுல இருக்கறது என் மூஞ்சிதான், ஆனா நான் அப்படிச் சொல்லல. இல்ல, ஏறித்தான் ஆகணும்னா இந்தாங்க." முந்தானை முடிச்சை அவிழ்த்து மூன்று ஃபியூஸையும் இயக்குநர் முன்னால் நீட்டினாள். "நானே போய் மாட்டித் தர்றேன் சார். நீங்க முன்ன ஏறுங்க."

இயக்குநர் ஃபியூஸைப் பார்த்தார். அடையாள அதிகாரியைப் பார்த்தார். அதிகாரி, தலைவர்கள் முன்னே செல்வதே மரபு என்ற பாவனையில் இரண்டடி பின்வாங்கினார்.

"படி எந்தப் பக்கம்?" என்றார் தலைவி.

ஊன்றுகோலைத் தட்டிக்கொண்டு அவர் ஏற ஆரம்பித்தார். மாடிக்கு மாடி நின்று, ஜன்னலோரமாக மூச்சுவிட்டு, நிதானமாகப் போனார். இயக்குநரால் அப்படி நிற்க முடியவில்லை. 'எப்போதும்' என்ற சொல் தடுத்தது. படக்காரர் வேறு கூடவே வந்தார். நான்காவது மாடியில் இயக்குநர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். ஐந்தாவது மாடியில் கண் இருட்டியது. ஆறாவது மாடியில் உட்கார்ந்தே விட்டார். ஸ்ட்ரெச்சர் அண்ணன் ஓடிவந்து அவரை அள்ளிப்போட்டு, நாலாம் நம்பரில் கீழே இறக்கி, பின்பக்கமாகவே இதய வார்டுக்குக் கொண்டுபோனார். அங்கே டாக்டர் பரிசோதித்துவிட்டு, முத்திரைப்படி ஒரு ஜோக்கும் சொன்னார். இயக்குநர் சிரிக்கவில்லை.

விருது வேறு ஆஸ்பத்திரிக்குப் போயிற்று. நான்கு மாதமாக வராத பிரேக் பட்டை மறுநாள் காலை பத்து மணிக்கு வந்தது. இயக்குநர் படுக்கையில் இருந்தபடியே கையெழுத்துப் போட்டிருந்தார். அக்கா பட்டையை மாற்றி, மணல் மூட்டைகளை ஏற்றிப் பத்துத் தடவை இறக்கி ஏற்றிப் பார்த்து, தானே ஏறிப் போய்வந்த பிறகு பலகையைக் கழற்றினாள்.

அடுத்த வாரம் விசாரணை வைத்தார்கள். பதிவுபெற்ற முத்திரைக்கு மாறாகப் பொதுமக்கள் முன்னிலையில் நடந்துகொண்டது குற்றம். வேலை போகும் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். தையற்காரர் முந்தின நாளே, "போனா போகட்டும்மா. இன்னொரு மிஷின் போடுவோம். நீ தலையை மட்டும் குனிஞ்சிடாத" என்று சொல்லியிருந்தார்.

"நீங்க மாறாம நடந்துக்கலேங்கறதுதான் குற்றச்சாட்டு. என்ன சொல்றீங்க?" என்றார் இயக்குநர்.

"ஓடுற லிஃப்ட்டை ஓடும்னும் ஓடாததை ஓடாதுன்னும்தான் சார் பதினெட்டு வருஷமா சொல்லிட்டு வர்றேன். இதுல எந்த நாள் மாறினேன்னு சொல்லுங்க, ஒத்துக்குறேன்."

ஏடுகளைப் புரட்டினார்கள். அப்படி ஒரு நாள் அகப்படவில்லை. வாசலுக்கு வெளியே நடைபாதையில் சலவைக்கூடம், சமையற்கூடம், வார்டு ஆட்கள் எல்லோரும் வந்து நின்றிருந்தார்கள். யார் முகத்திலும் பதிவுசெய்த பாவனை இல்லை. ஸ்ட்ரெச்சர் அண்ணன் அசையாமல் நின்றார். இயக்குநர் கதவு வழியாக அந்தக் கூட்டத்தைப் பார்த்துவிட்டு, விசாரணையை ஒத்திவைப்பதாகச் சொன்னார்.

அடையாள அதிகாரி மட்டும் துள்ளிக் குதித்து எழுந்தார். "சார், நாமதான் தப்பாப் பதிஞ்சிட்டோம்! இவங்க உண்மையான பிராண்டே வேற!"

அது என்ன என்று மறுநாள் காலையில் தெரிந்தது. ஆறு லிஃப்ட்டிலும் பளபளவென்று ஆறு பலகை தொங்கியது. அக்காவின் படம், இம்முறை சிடுமூஞ்சியாகவே. பக்கத்தில் பெரிய எழுத்தில், 'ஓடாது.' ஆறும் நன்றாக ஓடிக்கொண்டிருந்தன. ஆனால் பலகையில் அக்காவின் முகம் இருந்ததால் ஜனங்கள் நம்பினார்கள். படிக்கட்டு நிரம்பி வழிந்தது. இரண்டாவது மாடித் திருப்பத்தில், மூச்சிரைப்பு நோயாளி ஒருவர் மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு நெஞ்சைத் தடவிக்கொண்டிருந்தார்.

"ஏன் படியில வர்றீங்க?" என்று அக்கா பதறினாள்.

"நீங்கதானேம்மா ஓடாதுன்னு போட்டிருக்கீங்க" என்றார் அவர்.

அவரைக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போய் ஒன்றாம் நம்பரில் ஏற்றிவிட்டாள். பிறகு ஆறு பலகையையும் ஒவ்வொன்றாகக் கழற்றினாள். இரண்டு திருகு கைக்கு வரவில்லை; பலகையையே பிடுங்கினாள். ஆறையும் அடுக்கிக்கொண்டு மூன்றாவது மாடிக்குப் போய், அடையாள அதிகாரியின் மேசைமேல் தொப்பென்று போட்டாள். பேனா ஸ்டாண்டு உருண்டது.

"என்ன மேடம் இது! உங்க உண்மையைத்தானே போட்டேன்!"

"ஓடுறதை ஓடாதுன்னு போட்டா அது யார் உண்மை தம்பி?"

அதிகாரி, அவள் தன்னைத் 'தம்பி' என்று கூப்பிட்டதற்காகக் கோபிப்பதா, பலகைக்காகக் கோபிப்பதா என்று தடுமாறினார். "ஒரே மாதிரி இருந்தாத்தான் மேடம் பிராண்ட் நிக்கும். இன்னைக்கு ஓடாது, நாளைக்கு ஓடும்னா ஜனங்க குழம்பிடுவாங்க."

"ஜனங்க குழம்பல. லிஃப்ட்டைப் பாத்துச் சொல்றேன்னு அவங்களுக்குத் தெரியும். என் மூஞ்சியை இனிமே எதுலயும் ஒட்டாத. சிரிக்கிறதையும் ஒட்டாத, மொறைக்கிறதையும் ஒட்டாத. அது என் கழுத்து மேல இருக்கு, அங்கயே இருக்கட்டும். அப்புறம் இந்த ரூமைக் காலி பண்ணிக் குடு. வெளியில காத்துல உக்காந்து கட்டுப் போட்டுக்கிட்டிருக்காங்க, புண்ணுல தூசி விழுது."

"மேடம், நீங்க உணர்ச்சிவசப்படுறீங்க. உட்காருங்க. இதையே நாம ஒரு பிராண்டா எடுத்துட்டுப் போகலாம். எதிர்ப்பு, நேர்மை, இன்னும் ஒரு சொல் இருந்தா…"

அப்போது கீழே எங்கோ ஐந்தாம் நம்பரின் மணி விட்டு விட்டு அடித்தது. யாரோ உள்ளே மாட்டிக்கொண்டிருந்தார்கள். அதிகாரி மூன்றாவது சொல்லைத் தேடிக் கூரையைப் பார்த்துவிட்டுக் கண்ணைத் திருப்பியபோது, எதிரே அவள் இல்லை. படிக்கட்டில் அவள் குரல் மட்டும் கேட்டது.

"பயப்படாதீங்க, வந்துட்டேன்!"